மண் படியும் வரை

வகுப்பே குப்புறக் கிடந்தது.

டிபன் பாக்ஸும் கையுமாக ஜன்னலோரம் நின்ற அழகர், கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் டெஸ்கின் மேல் தலை சாய்த்துக் கிடந்தார்கள். ஃபேன்கூட ஓடவில்லை. பட்டப்பகலில் இந்தக் கோலம்! மேஜையருகே சுபாஷிணி டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றிருந்தார்.

"தன்யா..." என்று மகளைக் கூப்பிட வாயெடுத்தார் அழகர்.

டீச்சர் சட்டென்று உதட்டில் விரல் வைத்து, போங்கள் போங்கள் என்று கையை ஆட்டினார். 

அழகருக்குச் சுருக்கென்றது. மட்டாஞ்சேரி மார்க்கெட்டில் வெங்காயம் விற்கிறவன்தானே என்கிற இளக்காரமா? முந்தின ராத்திரிதான் கடல் பொங்கும் வேலியேற்றம் வந்து காயல் தண்ணீர் சந்துக்குள் ஏறி, கேட்காமல் கொள்ளாமல் வீட்டுக்குள்ளும் புகுந்திருந்தது. விடிய விடிய அதோடு மல்லுக்கட்டியாயிற்று. காலையில் சேற்றை வழித்துத் தள்ளிய அமளியில் மகள் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டாள். வேலையைப் போட்டுவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தால், இங்கே இந்தக் கூத்து!

நேராக ஹெட்மாஸ்டர் கல்யாணராமன் அறைக்குள் நுழைந்தார்.

"சார், மதுரைய விட்டு இங்க வந்து நான் மூட்டை தூக்குறதே எம்புள்ள படிக்கணும்னுதான். என்னடான்னா, புள்ளைகளப் பூராத் தூங்க வச்சிட்டு டீச்சரம்மா வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்குறாங்க. நீங்களே வந்து பாருங்க!"

"இருங்கோ அழகர், உக்காருங்கோ. ஒரு சாயா சொல்லட்டுமா?"

"சாயாவும் வேணாம், ஒண்ணும் வேணாம். இந்த டீச்சர மாத்துங்க சார்."

ஹெட்மாஸ்டர் முகம் வாடிவிட்டது. "நன்னா யோசிச்சுச் சொல்றேளா? அவங்க தற்காலிகமாத்தான் இருக்காங்க. பாடம் மெதுவாப் போறதுன்னு ஏற்கெனவே ஒரு புகார் வந்திருக்கு. இன்னொண்ணு வந்தா அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும்."

"போகட்டும் சார். எனக்குப் புள்ள படிப்புதான் பெருசு."

டீச்சருக்கு ஆள் போயிற்று. சத்தமில்லாமல் நடந்து வந்து நின்றார் சுபாஷிணி.

"இன்னிக்கு என்ன பாடம் எடுத்தேள்?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"கலவையைப் பிரிக்கறது சார். சேத்துத் தண்ணியை அசைக்காம வெச்சா மண்ணு அடியில படியும், மேல தண்ணி தெளியும். அப்புறம் தெளிஞ்சதை மெல்ல இறுத்து எடுக்கலாம். மேஜை மேல ஒரு கிளாஸ்ல சேத்துத் தண்ணி வெச்சிருக்கேன்; பெஞ்ச் ஆடினாக் கலங்கிடும்னு எல்லாரையும் தலையைச் சாய்ச்சுண்டு இருக்கச் சொன்னேன். ஃபேனையும் நிறுத்தினேன்."

அழகர் அசடு வழிந்தார். ஓகோ, பாடம்தானா! அவசரப்பட்டுவிட்டோமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

ஆனால் ஹெட்மாஸ்டர் விடவில்லை. அவரும் சயன்ஸ் எடுத்தவர்.

"எத்தனை நேரமா நடக்கறது?"

"முதல் பீரியட்ல ஆரம்பிச்சேன் சார்."

"இப்ப மூணாவது பீரியட்! நம்ம மைதானத்து மண்ணுதானே? கால் மணி நேரத்துல படிஞ்சுடுமே!"

டீச்சர் தரையைப் பார்த்தார். 

அழகருக்குப் போன தைரியம் திரும்பி வந்துவிட்டது. "பாத்தீங்களா சார்! பாடத்துப் பேரச் சொல்லி ஏமாத்துறாங்க. நான் சொன்னது சரியாப் போச்சா?"

டீச்சர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.  அழகரை ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

அப்போதுதான் வாசலில் ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. தன்யாவுக்குப் பக்கத்தில் உட்காருகிற ஸாதனா. கையில் செருப்பு. ஓசை வராமல் இருக்கக் கழற்றியிருக்கிறாள்.

"டீச்சர்," என்று கிசுகிசுத்தாள், "மண்ணு மறுபடியும் படிஞ்சுடுத்து. கலக்கட்டுமா?"

ஹெட்மாஸ்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "என்னது? கலக்கறதா? படியறதைப் பாக்கத்தானே பாடம்!"

"இல்லை சார், படிஞ்சப்போ எல்லாம் டீச்சரே மறுபடி கலக்கிடுவா. படிஞ்சு தெளிஞ்சாத்தான் நாங்க தலையைத் தூக்கலாம், பேசலாம்."

"ஸாதனா, நீ கிளாஸுக்குப் போ," என்றார் டீச்சர் அவசரமாக.

அந்தப் பெண்ணுக்கு ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. "தன்யா ஒறங்கறா சார். வீட்டுக்குள்ள வெள்ளம் கேறி ராத்திரி பூரா ஒறங்கவே இல்லியாம். அவ மட்டும் தலை சாய்ச்சா, பாக்கறவா அவளைத்தானே திட்டுவா? அதான் நாங்க எல்லாரும் சாய்ச்சுண்டிருக்கோம். அவ தானா எழுந்துக்கற வரைக்கும்."

ஹெட்மாஸ்டர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

அழகர் டிபன் பாக்ஸை மேஜைமேல் வைத்தார். இரண்டு கையும் தானாகக் குவிந்தன. 

"வெங்காயம் நனைஞ்சிரும்னு மூட்டைகளத் தூக்கி அவ படுக்குற கட்டில்ல அடுக்கினேன், டீச்சர். புள்ள ஸ்டூல் மேல குந்தியே விடிய விடிய முழிச்சிருந்துச்சு. பெத்தவன் எனக்கு அது உறைக்கல. நீங்க..." மறுபடி டீச்சரைக் கும்பிட்டார். "நீங்க நல்லா இருக்கணும் தாயி. உங்கள நான் மறக்க மாட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசலில் நின்ற ஸாதனாவிடம் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஓடும்மா, போய் இன்னொரு தரம் கலக்கிவிடு."