சூடாகாத இன்ஜின்

"மூணு எலக்ட்ரீஷியன் பார்த்தாச்சு. மூணு பேரும் தண்டம். நீ நாலாவது!" என்று படகுத்துறையில் வரவேற்றார் கேப்டன்.

கேப்டன் என்றதும் கப்பலைத் தேடாதீர்கள். ஆயுசு பூராவும் தபாலாபீஸில் முத்திரை குத்தி ரிட்டயர் ஆனவர். ஆசை ஆசையாக ஒரு பாய்மரப் படகு வாங்கினார், தலையில் ஒரு வெள்ளைத் தொப்பியை மாட்டினார். அன்றிலிருந்து தெருவுக்கே அவர் கேப்டன்.

"என்ன சார் பிரச்சினை?"

"படகுத்துறையிலிருந்து ஜம்முனு கிளம்புறேன். பெரிய அலை ஆரம்பிக்கிற இடத்துக்குப் போனதும் இன்ஜின் சூடாயிடுச்சுன்னு அலாரம் காது கிழியக் கத்துது. திரும்பி வந்துடறேன். ஒவ்வொரு தடவையும் இதே கூத்து!"

"பாய்மரப் படகுக்கு இன்ஜின் எதுக்குங்கறேன்?"

கேட்டவர் சம்பந்தி. கேப்டனின் மாப்பிள்ளையைப் பெற்ற புண்ணியவான். கடலில் ஒரு சுற்று கூட்டிப் போகிறேன் என்று கேப்டன் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டது இவரிடம்தான்.

"துறையை விட்டு வெளிய போற வரைக்கும் இன்ஜின்தான் சம்பந்தி. பாய் விரிக்கிறதெல்லாம் அப்புறம்."

"நீங்க விரிக்கிறது படுக்கிற பாய் மட்டும்தான்னு எங்க வீட்ல பேசிக்கிறாங்க. நெஜமாவே அலாரமா, இல்ல பயமா?"

கேப்டன் முகம் தொங்கிப்போனது. மகள் வாழப் போன வீட்டில் பயந்தவன் என்று பேர் எடுத்தால் அப்புறம் அந்த வாசற்படியை எப்படி மிதிப்பது?

எலக்ட்ரீஷியன் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. "அலாரம் அடிக்கும்போது சூடு மீட்டரோட முள் எங்க நிக்குது சார்?"

"நடுவுல. எப்பவும் போல."

"இன்ஜின் நெஜமா கொதிச்சா முள்ளும் சிவப்புக்கு ஏறணுமே. மீட்டருக்குத் தனி ஒயர், அலாரத்துக்குத் தனி ஒயர். அலாரம்தான் புளுகுது."

அலாரம் ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனார். பாதி வழியில் அதோடு இன்னொரு ஒயரை யாரோ ஒட்டுப் போட்டிருந்தார்கள். அது பலகைக்கு அடியில் புகுந்து, கேப்டனின் மனைவி உட்காரும் மெத்தைக்குக் கீழே போய் முடிந்தது. அங்கே ஒரு சுவிட்ச். அமுக்கினார். அலாரம் வீல் என்று கத்தியது.

"அடிப்பாவி! இது நம்ம வீட்டு காலிங்பெல் சுவிட்சாச்சே!" என்று அலறினார் கேப்டன். "எவன் கழட்டிட்டுப் போனான்னு ஊரெல்லாம் சந்தேகப்பட்டேனே!"

பக்கத்தில் நின்றிருந்த மனைவி தலையைக் குனிந்துகொண்டார். "கடல்னா எனக்குப் பயங்க. சொன்னா சிரிப்பீங்க..."

சம்பந்தி நிஜமாகவே சிரித்தார். "சம்பந்தியம்மா இவ்வளவு பயந்தாங்கொள்ளியா? எனக்கெல்லாம் கடல்னா தண்ணிபட்ட பாடு!"

கேப்டனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பார்த்தீங்களா, நான் அப்பவே சொல்லலை? பிடுங்கி எறிப்பா அதை! காலைல கிளம்புறோம். நீயும் வந்து கரையில நின்னு பாரு!"

அதட்டலாகத்தான் சொன்னார். கடைசி வார்த்தையில் மட்டும் குரல் கொஞ்சம் கம்மியது.

ஆண்கள் இருவரும் டீ குடிக்கப் போனதும் அந்த அம்மா எலக்ட்ரீஷியன் பக்கத்தில் வந்தார். "தம்பி, அந்த சுவிட்சைக் கழட்டி அவர்கிட்ட குடுத்துடு. ஆனா வேற ஒண்ணை என் காலுக்குக் கீழ வெச்சுடு."

"ஒட்டெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கீங்க. ஆனா இவ்வளவு பயத்தோட ஏம்மா படகுல ஏறணும்?"

"எனக்கென்ன பயம்? பயமெல்லாம் அவருக்கு. அலை கொஞ்சம் தூக்கிப் போட்டா போதும், உதடு வெளுத்துடும், கை கிடுகிடுன்னு ஆடும். ஆனா திரும்பலாம்னு மட்டும் வாயில வராது. அலாரம் அடிச்சதும் பாக்கணுமே! 'யாரும் பயப்படாதீங்க, நான் இருக்கேன்'னு ராஜா மாதிரி திருப்பிட்டு வருவார். பயந்தாங்கொள்ளிப் பட்டம் எனக்கே இருந்துட்டுப் போகட்டும். சம்பந்தி முன்னாடி அவர் தலை குனியக் கூடாது."

"அப்போ நாளைக்குத் திட்டு பூரா எனக்கு விழுமேம்மா!"

"கொஞ்சம் பொறுத்துக்கப்பா. அவர் திட்டு வாயோட சரி, மனசுல ஒண்ணும் இருக்காது."

எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். நாலு பேர் திட்டினால் தொழில் என்னாகும் என்று ஒரு பக்கம் கவலை. ஆனாலும் அந்த அம்மாவிடம் முடியாது என்று சொல்ல மனசு வரவில்லை.

காலையில் படகு கிளம்பியது. பெரிய அலை தொடங்கும் இடத்தைத் தொட்டதோ இல்லையோ, அலாரம் கரை வரைக்கும் கேட்டது. "யாரும் பயப்படாதீங்க!" என்ற கேப்டனின் கத்தலும் கேட்டது. படகு அழகாக வட்டமடித்துத் திரும்பியது.

கரையில் கால் வைத்ததுமே கேப்டன் எலக்ட்ரீஷியனைப் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டார்.

"விடுங்க சம்பந்தி, அவன் என்ன பண்ணுவான்? மிஷின்னா அப்படித்தான்," என்று சமாதானப்படுத்தினார் சம்பந்தி. "நீங்க இருந்தீங்களோ, நாங்க பொழைச்சோமோ! இதை எங்க வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன்."

கேப்டனின் நெஞ்சு தொப்பி உயரத்துக்கு நிமிர்ந்தது. இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்கள்.

அந்த அம்மா மட்டும் பின்தங்கினார். "உன் பேரைக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்கோ தம்பி. ஆனா ஒண்ணு புரியலை. நான் இன்னும் காலை வைக்கவே இல்லை, அதுக்குள்ள எப்படி அடிச்சது?"

எலக்ட்ரீஷியன் குரலைத் தாழ்த்தினார். "அது சம்பந்தி சாரோடதும்மா. நேத்து நீங்க போன கையோட ஓடி வந்து, அவர் சீட்டுக்கும் ஒண்ணு வைக்கச் சொன்னார்."