இருபது மில்லி மழை

"கேட்டுக்குக் குறுக்கே இன்னும் ரெண்டு மூட்டை போடு தம்பி. இடுக்கே இருக்கக் கூடாது!" தெய்வானை கத்தினாள்.

கிள்ளான் வானம் பிற்பகலிலேயே கறுத்துவிட்டிருந்தது. ரவாங்கிலிருந்து மணல் மூட்டை ஏற்றி வந்த லோரிக்காரன் விஜயன், இறக்கியதோடு போக மனமில்லாமல் அடுக்கியும் கொடுத்தான்.

படுத்த படுக்கையாகிவிட்ட முதிய பெண்களுக்கான இல்லம் அது. தெய்வானையும் அவள் கணவர் கார்த்திகேசுவும் நடத்தி வந்தார்கள். மதியம் சாப்பிட்ட தட்டுகள் சமையலறை வாசலில் கழுவாமல் குவிந்திருந்தன.

கார்த்திகேசு முற்றத்துச் சிமெண்டுத் தரையில் அளவு நாடாவை இழுத்துப் பிடித்தார்.

"இருபது மீட்டர் நீளம், பதினைஞ்சு அகலம். முன்னூறு சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்கு முன்னூறு லிட்டர் விழும்."

"இருபது மில்லி கொட்டினா?" தெய்வானை கேட்டாள்.

"ஆறாயிரம். தரை உறிஞ்சுறதைக் கழிச்சாலும் ஐயாயிரத்துக்குக் குறையாது."

விஜயன் லோரியைத் திரும்பிப் பார்த்தான். "அவ்வளவும் இந்த முற்றத்துலயா? உள்ள இருக்கிறவங்கள எங்கயாச்சும் கொண்டுபோயிடலாம்ண்ணே. லோரி சும்மாத்தான் நிக்குது."

"நலத்துறை அதிகாரியும் அதைத்தான் சொல்றாரு." தெய்வானையின் குரல் உடைந்தது. "காலையில வந்து பார்ப்பாராம். நிலைமை இப்படியே இருந்தா ஆளுக்கொரு இல்லத்துக்குப் பிரிச்சு அனுப்பிடுவாராம். இராஜம்மாவும் தங்கமணியும் அக்கா தங்கச்சி. ஒருத்தி கையை ஒருத்தி பிடிச்சாத்தான் தூக்கமே வரும். பிரிச்சா தாங்க மாட்டாங்க தம்பி."

ஜன்னலோரக் கட்டில்களிலிருந்து இரண்டு நரைத்த தலைகள் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

சடசடவென்று மழை இறங்கியது. ஐந்தடி தள்ளி நின்ற கார்த்திகேசுவின் முகம்கூடத் தெரியவில்லை. கூரையிலிருந்தும் தண்ணீர் அருவியாய்க் கொட்டியது.

கேட்டருகே ஒரு மூட்டை சரிந்தது. விஜயன் பாய்ந்து போய்த் தோளால் முட்டுக்கொடுத்தான். பள்ளமான மூலையில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

ஏன் வடியவில்லை? குனிந்து தண்ணீருக்குள் துழாவினான். சாக்கடைத் துவாரத்தில் சாக்கு ஒன்று இறுக்கமாகத் திணிக்கப்பட்டிருந்தது.

"அக்கா! எவனோ லொங்காங் ஓட்டைய அடைச்சு வெச்சிருக்கான்!" என்று அலறியபடி இரண்டு கையாலும் சாக்கைப் பற்றி இழுத்தான்.

தெய்வானை தண்ணீரில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடி வந்து, அவன் கைமேல் தன் முழு பாரத்தையும் போட்டு அழுத்தினாள்.

"தொடாத!"

"தண்ணி வெளிய போக வேணாமாக்கா?"

"குழாயில தண்ணி வந்து ஒரு வாரமாச்சு, வாளிய எடு லா!"