நாற்பதாவது படம்

"விருது வாங்குனவங்க படம் முப்பத்தொன்பது தொங்குது அந்தக் கழக வராந்தாவுல. ஒண்ணுலயாவது ஒரு பொம்பள முகம் இருக்கா?" கீழ்வீட்டுப் பேராசிரியரின் மனைவி போட்ட சத்தத்தில் படிக்கட்டு ஜன்னலே அதிர்ந்தது.

"தகுதியான பொம்பள இருந்தா நான் என்ன வேண்டாம்னா சொல்றேன்?" என்றார் பேராசிரியர்.

"தலைக்கு மேலயே குடியிருக்கா. அண்ணாந்து பாத்தாத் தெரியும்."

தலைக்கு மேல் குடியிருப்பவள் அப்போது படியில்தான் இருந்தாள். செருப்பு வார் அறுந்த மாதிரிக் குனிந்து நின்றாள். வார் நன்றாகத்தான் இருந்தது. தானியத்தைக் கெடுக்கும் பூஞ்சையை இன்னொரு பூஞ்சையை விட்டே அடக்கும் வித்தையைக் கண்டுபிடித்தவள் என்பதால், ஆய்வுக்கூடம் முதல் தெருமுனை வரை அவளுக்குப் பூஞ்சைக்காரி என்றே பெயர்.

விஷயம் இதுதான். அறிவியல் கழகத்தின் பெரிய விருதுக்கு, முன்பு அதை வாங்கியவர்கள் மட்டுமே பெயர் அனுப்ப முடியும். ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு பெயர். நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்குக் கதவு அடைப்பு. வாங்கியவர்கள் எல்லாரும் ஆண்கள், அவர்கள் அனுப்பும் பெயர்களும் அப்படியே. "பெண்கள் பெயர் வருவதே இல்லையே, நாங்கள் என்ன செய்ய?" என்று கழகம் வருஷா வருஷம் கையை விரிக்கும்.

பூஞ்சைக்காரிக்கு இது கடைசி வருஷம். அவளுக்குத் தெரிந்த ஒரே விருதுக்காரர் கீழ்வீட்டுக்காரர்தான். அவரிடம் கேட்க வாய் வரவில்லை. அவர் வீட்டம்மாவிடம் மட்டும் ஒருநாள் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த வருஷம் மீசைக்குத்தான்," என்றார் பேராசிரியர். மீசை என்பது அவருடைய சீடப்பிள்ளை.

"அவன் அப்படி என்னத்தக் கண்டுபிடிச்சான்? உங்களுக்குக் காபியில எத்தனை ஸ்பூன் சர்க்கரைனு கண்டுபிடிச்சான்."

அந்த நேரம் பார்த்துக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒரு காகிதத்தோடு பூஞ்சைக்காரியைத் தாண்டி இறங்கிக் கதவைத் தட்டினார். பேராசிரியர் வாயில் வாக்குவாதமும் கையில் பேனாவுமாக வந்து, "எங்க போடணும்?" என்று கேட்டுக் கிறுக்கிக் கொடுத்துவிட்டுச் சண்டைக்குத் திரும்பினார். அவருடைய கார் வாசல் கேட்டை மறிக்கிறது என்ற புகார் மனு அது. அதில் ஏழாவது கையெழுத்து அவருடையதே. கட்டடம் ஒரு வாரம் சிரித்தது.

"இதுக்கு மேல பேச்சு வேண்டாம். நான் சொல்றத டைப் அடி," என்றார்.

வீட்டம்மாவின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "சரிங்க. சொல்லுங்க."

அவருடைய கடிதம், கட்டுரை எல்லாவற்றுக்கும் அந்த அம்மாவின் விரல்தான். இருவரும் கல்லூரியில் ஒரே வகுப்பு. பேராசிரியர் இரண்டாம் ரேங்க். முதல் ரேங்க் யார் என்று கேட்டால் மட்டும் மனுஷர் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

அவ்வளவுதான், போச்சு என்று பூஞ்சைக்காரி படியேறினாள். சாயங்காலம் வரை கீழே கீபோர்டு தட்டும் சத்தம் ஓயவே இல்லை. மீசையைப் பற்றி எழுத இவ்வளவா இருக்கிறது என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

நாலு மாதம் கழித்து ஆய்வுக்கூடக் கேன்டீனில் செய்தி வந்தது. விருது பூஞ்சைக்காரிக்கு. பேராசிரியர் வாயிலிருந்த காபி எதிரில் இருந்த மீசையின் சட்டைக்குப் போயிற்று. சந்தோஷத்தில் புரை ஏறிவிட்டது என்று எல்லாரும் அவர் தலையில் தட்டினார்கள்.

"நீங்க எழுதின எட்டுப் பக்கக் கடிதம் மாதிரி ஒண்ணை நாங்க பாத்ததே இல்ல," என்று கழகத் தலைவரே போனில் பாராட்டினார். பேராசிரியர் வாயைத் துடைத்து, அரை நிமிஷம் யோசித்து, "நான் எப்பவும் திறமையைத்தான் பாப்பேன்," என்றார்.

பெண் விஞ்ஞானிகள் சங்கம் அவரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டது. பெண்களுக்கு ஏன் வாய்ப்புத் தர வேண்டும் என்று ஐம்பது நிமிஷம் பேசினார். முன் வரிசையில் உட்கார்ந்து வீட்டம்மாதான் முதலில் கைதட்டினார்.

வராந்தாவில் நாற்பதாவது படம் ஏறியது. பூஞ்சைக்காரி கண்ணை மூடியிருந்த படத்தையே மாட்டிவிட்டார்கள். அவளுக்கு அதுவும் அழகாகத்தான் தெரிந்தது.

அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. வேறு ஊரில் பெரிய ஆய்வுக்கூடம், அவள் பொறுப்பிலேயே. இங்கே ஆய்வுக்கூட மைக்ரோஸ்கோப்பைப் பழுதுபார்க்க வந்து, பழுது தீர்ந்த பிறகும் வாரம் இரண்டு தடவை வந்துகொண்டிருந்த மெக்கானிக்கையே கட்டிக்கொண்டாள். அவன் எதற்கு வருகிறான் என்று ஆய்வுக்கூடத்தில் தெரியாமல் இருந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

வீடு மாற்றுகிற அன்று சாமான் லாரி கேட்டில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பேராசிரியர் கார் வழக்கம்போல் வழியில். அவர் உள்ளே சாவி தேடிக்கொண்டிருந்தார்.

பூஞ்சைக்காரி வீட்டம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு நீங்க தோத்துட்டீங்கன்னே நெனச்சேன் அக்கா. சார் மனசை எப்படித்தான் மாத்துனீங்க?"

வீட்டம்மா உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மனசையெல்லாம் யாரு மாத்துனா கண்ணு? அவர்தான் எதையும் படிக்காமக் கையெழுத்துப் போடுவாரே."