ஏறச் சொன்னால் இறங்குகிறவர்

"கெட் ஒஃப்" என்று நிவேதிகா சொன்னதும் எல்லோரும் வாங்குப் பலகையிலிருந்து இறங்கினார்கள். றில்வான் மட்டும் ஏறினார்.

ஏறியதோடு விட்டாரா? பஸ்ஸில் மேலே கம்பியைப் பிடிப்பதுபோல் கையை உயர்த்திக்கொண்டு, டிக்கட் கேட்டுவிடுவார்களோ என்று தூங்குகிற மாதிரிக் கண்ணையும் மூடிக்கொண்டார்.

வகுப்பு உருண்டு சிரித்தது. அவருடைய மனைவி ஸஜீதாவுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"எறங்குங்க மனுசா. 'ஒன்' எண்டா ஏறுறது, 'ஒஃப்' எண்டா எறங்குறது. எத்தன தரம் சொல்ற ஓங்களுக்கு?"

பெரகலச் சந்தியில் ஓர் இரும்புக்கடைக்கு மேலே மாடி அறையில் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பு. நடத்துகிற நிவேதிகா, பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் தங்கள் லயத்து வீடுகளிலேயே முதலாவதாகப் பட்டம் வாங்கியவள். இங்கிலிஷ்காரர்கள் போவது, வருவது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு குட்டிச் சொல்லை ஒட்டிவிடுகிறார்கள். கோ அப், கோ டவுன், கெட் ஒன், கெட் ஒஃப், கம் பெக். கரும்பலகையில் எழுதினால் கொட்டாவிதான் வரும் என்று, ஆட்களை நடக்கவைத்தே பழக்கினாள். வாங்கு பஸ் ஆனது. மேசை பிளேன் ஆனது.

எல்லாம் நன்றாகவே போயிருக்கும், துணிக்கடை றில்வான் இல்லாவிட்டால். உள்ளே வரச் சொன்னால் வெளியே போவார். திரும்பி வரச் சொன்னால் கீழே போய் டீ குடித்துவிட்டு வருவார். இந்த மனிதரால் பாடமே நகரவில்லை, நிறுத்திவிடுங்கள் என்று மற்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

நிவேதிகாவின் கவலையெல்லாம் ஸஜீதாவைப் பற்றித்தான். லண்டனில் மகளுக்குத் தலைப்பிரசவம். விசா கிடைத்தது ஸஜீதாவுக்கு மட்டும். பண்டாரவளைக்குக்கூடக் கணவர் இல்லாமல் போகாதவர், அடுத்த மாதம் தனியாகப் பிளேன் மாறி, ரயில் ஏறி, மகளிடம் போய்ச் சேர வேண்டும். ஒரு கேள்வி கேட்டால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலைகுனிகிற அந்த அம்மா, இந்தக் கூத்துக்கு நடுவில் என்னத்தைப் படிப்பார்?

இன்றைக்கு வகுப்பு முடிந்ததும் றில்வானிடம் இனி வர வேண்டாமெனச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். மரியாதை குறையாமல் எப்படிச் சொல்வது என்று கண்ணாடி முன்னால் நின்று பழகியும் பார்த்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் படியில் சப்பாத்துச் சத்தம். முதுகில் மூட்டை போன்ற பைகளோடு ஒரு வெள்ளைக்கார ஜோடி. கீழே பலகையில் இங்கிலிஷ் என்று எழுதியிருப்பதை நம்பி ஏறி வந்திருக்கிறார்கள், பாவம். தியலும நீர்வீழ்ச்சிக்கு எந்த பஸ் என்று கேட்டார்கள்.

எல்லோரும் கொப்பிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்கள். எப்போது வரும், எப்போது வரும் என்று காத்திருந்த இங்கிலிஷ் ஆளாகவே வந்து நின்றால் என்ன செய்வது? உண்மையைச் சொன்னால், நிவேதிகாவுக்கே அவர்கள் பேசிய வேகத்தில் பாதிதான் பிடிபட்டது.

றில்வான் எழுந்தார். "கம் அப்" என்று கூரையைக் காட்டினார்.

"இந்த மனுசன்ட பேச்சக் கேட்டா இவங்க கூரையிலதான் ஏறோணும்" என்று ஸஜீதா அவரைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். பிறகு மூச்சுவிடாமல் கொட்டினார்.

"கோ டவுன். கிராஸ் ஓவர். பஸ் கம், கெட் ஒன். கோ அப், கோ அப்." கை மலைப் பக்கம் நீண்டது.

அவர்கள் நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். வகுப்பே எழுந்து கைதட்டியது. த்ரீவீல் ஓட்டுகிற ஒருவர் விசிலே அடித்தார். ஸஜீதாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பேசியது நான்தானா, நான்தானா என்று பக்கத்திலிருந்தவளை உலுக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நிவேதிகா திரும்பிப் பார்த்தால் றில்வானைக் காணோம். மனைவி நாலு பேரிடம் பெயர் வாங்கினால் பொறுக்காத மனுஷன். இப்போதே சொல்லிவிட வேண்டியதுதான் என்று படபடவென்று படியிறங்கினாள்.

கீழே, அப்புத்தளைக்கு ஏறுகிற பஸ் புறப்பட்டிருந்தது. றில்வான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் பின்னால் ஓடினார். தகரத்தில் தட்டித் தட்டி நிறுத்தினார். உள்ளேயிருந்து அந்த ஜோடியை இறக்கினார். இறக்கிவிட்டு, தண்ணீராய் ஓடுகிற இங்கிலிஷில் விளக்கினார். தியலும கீழே, வெல்லவாய போகிற பாதையில் இருக்கிறது. என் மனைவி வழியை மாற்றிச் சொல்லிவிட்டாள், மன்னிக்க வேண்டும். தயவுசெய்து மறுபடி மாடிக்கு மட்டும் வந்துவிடாதீர்கள்.

சரியான பஸ்ஸில் ஏற்றி, கையசைத்துவிட்டுத் திரும்பினால், எதிரே நிவேதிகா.

"இத்தனை நாளும் என்னைக் கேலி பண்ணிக்கிட்டா இருந்தீங்க?" அவள் குரல் உயர்ந்தது.

"மெதுவா டீச்சர், மேல கேக்கும்."

கட்டாரில் ஒரு பெரிய ஹோட்டலில், வருகிறவர்களை வரவேற்கும் மேசையில் வருஷக்கணக்காக நின்றவராம். அங்கே எல்லோரும் மலையாளம்தான் பேசுவார்கள் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாராம்.

"கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து, 'நீங்க பேசுங்க' எண்டு எனக்குப் பின்னாலதான் நிப்பா. என்னத் திருத்துறதுக்கு மட்டுந்தான் யோசிக்காம வாயத் தொறப்பா. அங்க போனா முன்னால நிக்க நான் இல்லையே, டீச்சர்."

நிவேதிகா மாடியை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். "ஆனா அவங்க காட்டுன வழி பிழைதானே. அதைச் சொல்லிக் குடுக்கணுமே."

"சொல்லிக் குடுங்க. நாளைக்கு. இண்டைக்கு அவ ஜெயிச்சிட்டே இருக்கட்டும்."

மாடி ஜன்னல் திறந்தது. ஸஜீதாவின் தலை எட்டிப் பார்த்தது.

"டீச்சர், அந்தப் புள்ளைங்க பஸ் ஏறிட்டாங்களா?"

பரீட்சையில் பக்கத்துத் தாளைக்கூட எட்டிப் பார்த்திராத நிவேதிகா அண்ணாந்து கையை ஆட்டினாள்.

"ஏறிட்டாங்க ஆன்ட்டி. நீங்க சொன்ன அதே பஸ்லதான்."