ஏழு புள்ளி நாலு

தம்பானூரில் எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. சர்வரில் எதை மாற்றினாலும், மாற்றியவர் தன் பெயரையும் காரணத்தையும் ஒரு ஃபைலில் எழுதிவைக்க வேண்டும். அதைத் தொடங்கிவைத்தவர் ஷிஜு அண்ணன். மார்ச்சில் பைக் விபத்தில் இறந்துபோனார்.

ஜூனில் நான், சைட்களை ஓடவைக்கும் பிஎச்பி மென்பொருளின் பழைய பதிப்பான ஏழு புள்ளி நாலை அழித்துவிட்டு எட்டைப் போட்டேன். மறுநாள் காலையில் ஒரு சைட் மட்டும் ஏழு புள்ளி நாலில் ஓடியது. மறுபடி அழித்தேன். மறுபடி வந்தது. ஃபைலில் புதிதாக ஒரு வரி இருந்தது: 'ஷிஜு. எட்டில் கதை ஓடாது.'

அவருடைய லாகினை ஏப்ரலிலேயே நீக்கியாயிற்று. நீக்கியது நான்தான்.

அது அண்ணன் தன் மகளுக்காகச் செய்த சைட். அவர் குரலில் பன்னிரண்டு கதைகள். அவர் மனைவி ஜெஸி அக்காவை போனில் கூப்பிட்டு, அந்த சைட் இன்னும் வேண்டுமா என்று கேட்டேன்.

"பிள்ளை தினமும் ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி கேக்கும் சுஜா. அத மட்டும் நிறுத்திராத, கேட்டியா?"

நிறுத்தவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்து, சைட்டை எட்டில் ஓடும்படி திருத்தினேன். பன்னிரண்டையும் கடைசிவரை கேட்டுப் பார்த்தேன். கதையைத் தவிர வேறு பேச்சு எதிலும் இல்லை. ஃபைலில் என் பெயரை எழுதினேன். ஏழு புள்ளி நாலு அதன்பிறகு வரவில்லை.

மறுநாள் அக்கா கூப்பிட்டார்.

"கதை நல்லா கேக்குது சுஜா. பிள்ளைதான் அழுவுது. அப்பா இன்னைக்கு ஏன் 'சாப்பிட்டியா மோளே'ன்னு கேக்கலன்னு."