கிணற்றுக்கு ஒரு விரல்

மூங்கில்பள்ளத்துப் பாறைக்கடியில் மிஞ்சியிருந்த தண்ணீரை வீட்டுக்கு வீடு பங்கு பிரித்திருந்தார்கள். தினமும் காலை ஆறு மணிக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் கிணற்றடியில் இருந்த கைரேகைப் பெட்டியில் விரல் வைக்க வேண்டும். ஒருநாள் தவறினாலும் பங்கு பறிபோய்விடும். அதனால் மரகதமும் தணிகாசலமும் பதினாறு வருடமாகச் சேர்ந்து மலையிறங்கி ஓர் இரவு வெளியே தங்கியதே இல்லை.

இன்று காலை ஏழு மணிக்கு வத்தலக்குண்டில் மகள் கோதைக்கு முகூர்த்தம்.

"நீ போ மரகதம், நான் இருக்கேன்" என்று நேற்றே கெஞ்சினார் தணிகாசலம்.

"பொண்ணைத் தாரை வார்க்க அப்பா கை வேணுங்க. கிணத்துக்கு என் விரல் போதும்" என்று அவரை அனுப்பிவைத்தாள்.

விரல் வைத்து நிரப்பிய குடத்தின் அருகே உட்கார்ந்து, பழைய அலைபேசியில் மணவறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் மரகதம்.

"பொண்ணோட அம்மா எங்கே? தண்ணி ஊத்தணுமே" என்றார் ஐயர்.

"அவங்களைத்தான் கிணத்துக்குக் கட்டிக்கொடுத்துட்டோமே சாமி!" என்றாள் கோதை. பந்தலே சிரித்தது. மரகதமும் சிரித்தாள். தணிகாசலம் மட்டும் சிரிக்கவில்லை. மகளின் கையை ஏந்தியபடி, செம்பைத் தொட யாரையும் விடாமல் நின்றார்.

மரகதம் குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டாள். திரையில் தெரிந்த அந்தக் கைகளின் மேல் நிதானமாக ஊற்றினாள்.

தாலி கட்டுவதற்குள் திரை அணைந்துவிட்டது.