துணைக்குப் போனவன்

கூடாரத்துக்குப் பின்னால் மூன்றாவது முறையாக வாந்தி எடுத்துவிட்டு, காலால் பனியைத் தள்ளி மூடினேன்.

இரண்டாம் முகாம். இன்னும் ஒரு மணி நேரத்தில் மேலே கிளம்ப வேண்டும்.

நான் ஷெர்பா. எவரெஸ்ட் உச்சியில் ஏழு முறை நின்றவன். உயரத்தில் வரும் மலை நோய் வெள்ளைக்காரர்களுக்கு வருவது. எனக்கு வந்தது தெரிந்தால் எங்கள் ஊர் கும்ஜுங்கில் தலைகாட்ட முடியாது.

தப்பு என்னுடையதுதான். மூன்று வருடம் காட்மாண்டுவில் உட்கார்ந்து தின்றுவிட்டு, மற்றவர்கள் பத்து நாள் நடந்து உடம்பைப் பழக்கிக்கொண்டு வந்த அடிவார முகாமில் நான் ஹெலிகாப்டரில் போய் இறங்கினேன். "பொறந்த வீட்டுக்குப் போறதுக்கும் பழகணுமாடா?" என்று எல்லோரையும் கேலி வேறு செய்தேன்.

தேநீரோடு வந்தான் கியால்சென், என் தங்கை புருஷன். ஒன்பது வருடம் மூட்டை மட்டுமே சுமந்தவன். இந்த வருடம்தான் உச்சிக்குப் போகிறவர்களில் அவன் பெயரும் வந்திருந்தது.

என் காலடிப் பனியைப் பார்த்தான். தேநீரை என் கையில் திணித்துவிட்டுப் போனான்.

சற்று நேரத்தில் எல்லோர் முன்னாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"மச்சான், தலை வெடிக்குது. என்னைக் கீழ கொண்டு போய் விட்டுருங்க."

நோயாளியைத் தனியாக இறக்க மாட்டோம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் சும்மா இருந்ததா?

"என்ன மாப்ள, என் தங்கச்சி உருளைக்கிழங்குகூட அவிச்சுப் போடுறதில்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

இறங்கும்போது இரண்டு பைகளும் அவன் முதுகில் இருந்தன. பனிப்பிளவின் குறுக்கே கிடத்திய ஏணியில் என் கால் நழுவியபோது கயிற்றை இழுத்துப் பிடித்ததும் அவன்தான். நோயாளிக்கு ஏது இத்தனை பலம் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கப் பயமாக இருந்தது.

அடிவார முகாமில் டாக்டரம்மா அவன் விரலில் கருவியை மாட்டினார். ரத்தத்தில் ஆக்சிஜன் எண்பத்தெட்டு; அந்த உயரத்துக்கு அது நல்ல அளவு. நெற்றியைச் சுருக்கினார். பிறகு, கேட்காமலே என் விரலைப் பிடித்து மாட்டினார்.

ஐம்பத்தாறு.

"யாரு யாரைக் கூட்டிட்டு வந்தது?" என்றார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்போது கிளம்பினால்கூட கியால்சென் மேலே போன தன் கூட்டத்தைப் பிடித்துவிடுவான். ஆனால் கூடார வாசலில் சமையல்காரர்களும் சுமைக்காரர்களும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கை விறைச்சுப் போச்சு டாக்டர், அதான் இப்படிக் காட்டுது. நான்தான் இவனைக் கூட்டிட்டு வந்தேன்."

வெட்கத்தில் காது எரிந்தது. கியால்சென் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. அவன் குரல் மட்டும் கேட்டது.

"ஆமா டாக்டர். மச்சான் இல்லைன்னா செத்திருப்பேன்."